நல்ல பக்கம்

வேலாங்காட்டுப்புதூரில் பிறந்தவர்கள் யாரும் பனியைப் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கிற ஈரத்தைத்தான் அவர்கள் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கே மப்ளர் சுற்றி, காதில் பஞ்சு வைத்து, சுக்குக் காப்பி கேட்டு ஊரைக் கூட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு, திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் சாயப்பட்டறை வாசனை முடிந்து எருக்கஞ்செடி தொடங்குகிற இடத்தில் கிடக்கிற அந்தச் சின்ன ஊருக்கு, கத்திரி வெயில் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பாக, மலை உச்சியிலிருந்து காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கான சட்டை தைக்கிற ஆர்டர் வந்து சேர்ந்தது. மேலே வழவழவென்று தண்ணீர் ஒட்டாத துணி, அடியில் பட்டு மாதிரி லைனிங், இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு குளிர்நாட்டு ஆடுகளின் கம்பளி. முதலாளி நாச்சிமுத்து அதுவரை பனியனும் ஜட்டியும் தைத்தே தலை நரைத்தவர். இந்த ஆர்டரைப் பிடிக்க அவர் யார் யார் வாசலிலோ நின்றிருந்தார், ஆகவே கம்பளி வந்து இறங்கிய அன்று கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

கம்பளி விரிப்பு சுருள் சுருளாக வந்திருந்தது, அதற்கு இரண்டு பக்கம் இருந்தது. எந்தப் பக்கம் எங்கே வர வேண்டும் என்று பெங்களூர் ஆபீசிலிருந்து ஒருவர் போனில் சொன்னார். அவருக்குத் தமிழ் அரைகுறை. லைன் சூப்பர்வைசர் குப்புராஜுக்கு மற்ற பாஷையெல்லாம் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து முழுசாக வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: நல்ல பக்கம் உடம்போடு ஒட்ட வேண்டும். பனியன் தொழிலில் நல்ல பக்கம் என்றால் எல்லோருக்கும் தெரியும், வெளியே தெரிகிற மழமழப்பான பக்கம் அது. கம்பளியில் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி புசுபுசுவென்று இருந்ததால் குப்புராஜ் கொஞ்சம் முழித்தார், முழித்ததைக் காட்டிக்கொள்ளாமல் கட்டிங் மேஜையில் நின்ற வசந்தாமணியைக் கூப்பிட்டார். துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற கை அவளுக்கு என்று கம்பெனியில் பேர். எது நல்ல பக்கம் என்று பார்த்துக் குறி போடச் சொன்னார்.

வசந்தாமணி புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் இப்போதுதான் எழுந்துபோன மாடு படுத்திருந்த தரை போல வெதுவெதுவென்று இருந்தது. இன்னொரு பக்கம் தண்ணீர்ப் பானையின் வயிறு. மேலே தகரக் கூரை தகித்துக்கொண்டிருந்தது, ஃபேன் சுடுகாற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது, அவளுடைய ரவிக்கை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. இந்த இரண்டு பக்கத்தில் எது நல்ல பக்கம் என்று அந்த ஊரில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மனசு குளிர்ந்தது என்போம், கண் குளிரப் பார்த்தேன் என்போம், வயிறு குளிர வாழ்த்துவோம், மாரியம்மனுக்கே குடம் குடமாக ஊற்றிக் குளிர வைத்துத்தான் வரம் கேட்போம். அவள் சந்தேகமே இல்லாமல் குளிர்ந்த பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டாள், அந்தக் குறியைப் பார்த்து லைன் முழுவதும் தைத்தது.

சட்டைகள் எப்படித் தைக்கப்பட்டனவோ அப்படியே நடந்துகொண்டன. சோதனைக்கு வந்த பெங்களூர்க்காரர் ஒரு சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்க் கிடங்குக்குள் போய் நின்றார். போன சுருக்கில் கதவைத் தட்டினார். பல் தந்தியடிக்க வெளியே வந்து, இதைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறவன் மலையிலேயே இருந்துவிடுவான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஆர்டர் நின்றது. நாச்சிமுத்து இரண்டு நாள் கம்பெனிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள், இந்த வயிற்றெரிச்சலை என் கண்ணில் காட்டாதீர்கள், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு கத்திரியில் என்ன செய்வது என்று எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டும் போனார்கள். வசந்தாமணி ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒன்றை எடுத்தாள். மகளுக்குத் தலைக்கு வைக்க ஆகும் என்று நினைத்தாள்.

அவளுடைய மகள் தாரணிக்கு வேர்க்காது. அழுதால் கண்ணீர் வரும், ஓடினால் மூச்சு வாங்கும், ஆனால் வேர்வைக்கான துவாரமே இல்லாத உடம்போடு பிறந்த பிள்ளை அது. உள்ளே சேர்கிற சூடு வெளியேற வழியில்லை, வெயிலில் கொஞ்சம் நின்றாலும் முகம் செம்பருத்தியாகி, கண் சொருகி, விழுந்துவிடும். மருந்து கிடையாது, குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். கோயமுத்தூர்க்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அப்பன் சரக்கு லாரியோடு வடக்கே போனவன், வடக்கிலேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். வசந்தாமணி ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டி, பிள்ளைக்கு ஈரத் துண்டு போர்த்தி, பக்கத்து வீட்டு அருக்காணியை அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒன்பது வயதில் இரண்டாம் வகுப்புதான். மற்றப் பிள்ளைகளைப் போல இதுவும் நடுப்பகலில் தெருவில் நடந்து போக வேண்டும். வசந்தாமணி எந்தச் சாமியிடமும் வேறு எதையும் கேட்டதில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். ஈரத் துண்டு பாயில் கிடந்தது, பிள்ளையைக் காணோம். அவள் உயிர் அவளிடம் இல்லை. அருக்காணியின் இட்லிக் கடையில் பார்த்தாள், குழாயடியில் பார்த்தாள், அலறிக்கொண்டு முச்சந்திக்கு ஓடினாள். அங்கே நாய்கூடப் படுக்காத நட்ட நடு வெயிலில், ஆரஞ்சுச் சட்டையின் ஜிப்பைத் தாடைவரை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பையில் நுழைத்துக்கொண்டு தாரணி நின்றிருந்தாள். அவள் மூச்சு விடும்போதெல்லாம் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கழுத்துப் பட்டையில் பொடிப்பொடியாகப் பனி பூத்திருந்தது. தன் நிழல் காலடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடப்பதை அந்தப் பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மத்தியானத்துல நெழலு இத்தனூண்டுதானா? எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள்.

வசந்தாமணி அவளைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். கட்டிக்கொண்ட இடமெல்லாம் சுள்ளென்று சுட்டது, வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா. அன்று சாயங்காலமே பரணிலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் சட்டைகள் வெளியே வந்தன. மறுநாள் உச்சி வெயிலில் வேலாங்காட்டுப்புதூர் ஆண்களும் பெண்களும் நீலத்திலும் பச்சையிலும் சிவப்பிலும் உப்பிய சட்டைகளோடு, வேட்டிக்கு மேலே, சேலைக்கு மேலே, லுங்கிக்கு மேலே, தொப்பியையும் இழுத்து விட்டுக்கொண்டு, வாயால் புகை விட்டபடி நடமாடினார்கள். இது என்ன அதிசயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் வெயிலில் வெந்ததற்கு யாரோ ஒருத்தர் கணக்குத் தீர்க்கிறார் என்பது போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். என்ன பேர் வைப்பது என்பதில்தான் தகராறு வந்தது. ஜாக்கெட் என்று அட்டையில் போட்டிருந்தது, ஆனால் ஜாக்கெட் என்றால் பொம்பளைகள் போடுவது. நான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன் என்று எந்த ஆம்பளை சொல்வான். மூன்று நாள் டீக்கடையில் வாதாடி, பனிச்சட்டை என்று முடிவு செய்தார்கள்.

பனிச்சட்டை வந்த பிறகு ஊரின் நடைமுறையே மாறியது. களை பறிக்கிறவர்கள் நடுப்பகலில் பறித்தார்கள். மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை பட்டு வேட்டியும் கருநீலப் பனிச்சட்டையுமாக வந்து இறங்கினான், பெண் வீட்டார் எதிர்சீராக ஒன்று கேட்டார்கள். கோபக்காரர் என்று பேரெடுத்தவர்கள் எல்லாம் சாந்தமாகிவிட்டார்கள். மாரியம்மனுக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று சாத்தினார்கள், ஆத்தா அதிலும் அழகாகத்தான் இருந்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, பைத்தியம் பிடித்த ஊர் என்று சொல்லிக்கொண்டே, ஒன்று கிடைக்குமா என்று காதோடு காதாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளே போன குளிருக்கு ஈடாக வெளியே என்ன போகிறது என்பதை ஊர் முதலில் விளையாட்டாகத்தான் கண்டுபிடித்தது. பனிச்சட்டையின் வெளிப்புறம் சுட்டது, உள்ளே இருக்கிறவனின் சூட்டையும் அவன் மேல் விழுகிற வெயிலின் சூட்டையும் சேர்த்து அது வெளியே தள்ளியது. இஸ்திரி போடுகிறவர் கரி வாங்குவதை நிறுத்திவிட்டு, மச்சினனைப் பனிச்சட்டையோடு குப்புறப் படுக்கவைத்து முதுகின் மேல் வேட்டிகளைத் தேய்த்தார். அருக்காணி தன் இட்லிப் பானையைப் பனிச்சட்டைக்காரர் இருவருக்கு நடுவில் வைத்து, அவர்கள் அரசியல் பேசி முடிப்பதற்குள் ஓர் ஈடு எடுத்தாள். அவளுக்குப் பனிச்சட்டை கிடையாது, கம்பெனியில் ஆள் இல்லாத எந்த வீட்டுக்கும் கிடையாது. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். உங்களுக்குக் குளிர்ச்சி, எனக்கு விறகு மிச்சம் என்று அவள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஆனி பிறக்கும்வரை ஓடியது. அப்புறம் கோழிகள் ஆட்களைக் கண்டால் விலகி ஓடின, கறந்த பால் வீடு வந்து சேர்வதற்குள் திரிந்தது, மாவு ஆட்டி முடிக்கும்போதே புளித்தது. வேப்ப மரங்கள் தெருப்பக்கத்து இலைகளை மட்டும் கொட்டின. பஸ்ஸில் ஒரு பனிச்சட்டை ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். அம்மா தூக்கினால் குழந்தை வீறிட்டது, சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்கு என்று மாமியார்கள் கத்தினார்கள், கழற்றினால் தெருவின் சூட்டில் அம்மாவால் நிற்க முடியவில்லை. ஏனென்றால் இப்போது தெருவில் அடித்தது சூரியனின் வெயில் மட்டுமல்ல, ஆள் ஆளாகக் கழித்துவிட்ட வெயில். சட்டை இருக்கிறவர்கள் கழற்ற முடியாமலும் இல்லாதவர்கள் வெளியே வர முடியாமலும் ஆன பிறகு, ஒருவரை ஒருவர் தொடுவது என்பதே அந்த ஊரில் குறைந்துபோனது.

வசந்தாமணிக்கு இது எல்லோருக்கும் முன்பே தெரியும். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அவள் தினமும் தாரணியின் வலது கையைப் பிடித்துக் கூட்டிப் போய், மத்தியானம் கூட்டி வந்தாள். பிள்ளை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது, ஓணான் எப்படி வெயிலில் தலையாட்டுகிறது, தார் ரோடு தூரத்தில் எப்படித் தண்ணீராகத் தெரிகிறது என்று எல்லாம் அதற்குப் புதுசு. அம்மாவின் இடது கை அந்தச் சட்டையோடு உரசிக்கொண்டே வந்தது. முதல் வாரம் சிவந்தது, அடுத்த வாரம் கறுத்தது, பிறகு தோல் உரிந்தது. அடுப்பில் பட்டுவிட்டது என்று சொல்லி, முந்தானையை அந்தத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கை மாறிப் பிடிக்கலாம்தான், ஆனால் அப்போது பிள்ளை லாரி போகிற பக்கத்துக்கு வந்துவிடும். வலித்தது. ஆனால் சாக்பீஸ் பிடித்த தன் கைதான் இந்தப் பிள்ளையை வெயிலில் நிறுத்தியது என்று நினைக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, ஊரெல்லாம் இந்தத் தப்பை யார் செய்தது என்று முணுமுணுக்கத் தொடங்கியபோதும் அதற்காக வருத்தப்பட அவளால் முடியவில்லை.

ரேஷன் கடையில் பாமாயில் போட்ட அன்று விளையாட்டு முடிந்தது. வரிசையில் அருக்காணிக்கு முன்னால் ஒரு பனிச்சட்டை, பின்னால் ஒரு பனிச்சட்டை. இரண்டு பேரும் நல்லவர்கள், அவளிடம் தினமும் இட்லி வாங்கித் தின்கிறவர்கள். வரிசை நகர்வதற்குள் அவள் சத்தமில்லாமல் சரிந்துவிட்டாள். தூக்கப் போனவர்களின் சட்டை பட்டு அவள் முகத்திலும் கழுத்திலும் கொப்புளம் எழும்பியது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தூக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து நினைத்துத்தான் ஊர் வெட்கப்பட்டது. அருக்காணி பிழைத்துக்கொண்டாள், ஒரு வாரம் வாழையிலையில் கிடந்தாள்.

அதே வாரம் பூசாரியும் வாயைத் திறந்தார். அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் சட்டையின் சூட்டில் கர்ப்பகிரகத்துச் சுவர் வெடித்துக் காரை உதிர்ந்திருந்தது, தீபாராதனை காட்டிய அவர் கை வெந்திருந்தது. ஆத்தா குளிர்ந்தால் ஊர் குளிர வேண்டும், ஊர் வேக ஆத்தா மட்டும் குளிர்ந்திருப்பாள் என்றால் அப்படிப்பட்ட ஆத்தாவை நான் கண்டதில்லை என்று சொல்லி, சட்டையைக் கழற்றிக் கோயில் வாசலில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுவதாகத் தாக்கல் போனது.

கூடிய இடத்தில் முதலில் குற்றவாளியைத் தேடினார்கள். குப்புராஜ் போனைக் குற்றம் சொன்னார், போனில் பேசியவரைக் குற்றம் சொன்னார், கடைசியில் நல்ல பக்கம் என்றால் எது நல்லது என்று சொல்லித் தொலைக்க வேண்டாமா என்று மொழியையே குற்றம் சொன்னார். குளிர்நாட்டுக்காரனுக்குச் சூடான பக்கம்தான் நல்ல பக்கமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இப்படிக்கூட ஒரு நல்ல பக்கம் உலகத்தில் இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு நாச்சிமுத்து எழுந்து, சட்டைகளையெல்லாம் பிரித்து, கம்பளியைத் திருப்பி வைத்துத் தைத்து, யாருக்குச் செய்ததோ அவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்றார். சொல்லிவிட்டுத் தன்னுடையதைக் கழற்றிப் பூசாரி போட்ட சட்டையின் மேல் போட்டார். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். கழற்றிய மாத்திரத்தில் வெயில் அறைந்தது, இரண்டு மாதமாக வேர்க்காத முதுகுகளில் வேர்வை இறங்கியது. சிலர் முனகினார்கள், மாப்பிள்ளைச் சட்டைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குவியல் இடுப்புயரம் வந்தபோது, எல்லோருடைய கண்ணும் ஆரஞ்சு நிறத்தின் மேல் போய் விழுந்து, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் வசந்தாமணிக்குத் தாங்கவில்லை. அவள் கும்பலுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"என்ற புள்ளையோடது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமுங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க. நான் அவ பக்கத்துல வேற யாரும் நடக்காம பாத்துக்கறேனுங்க" என்றாள்.

கையைத் தூக்கியதில் முந்தானை நழுவிவிட்டது. முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டுவரை அந்த இடது கை கருகி, உரிந்து, சில இடங்களில் சதை தெரியக் கிடந்ததை ஊர் பார்த்தது. தாரணியும் பார்த்தாள். எந்தப் பக்கத்துக் கை, எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியாதா. அவள் தன் வலது தோளைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"அடுப்புல பட்டதுன்னியேம்மா" என்று மட்டும் கேட்டாள்.

வசந்தாமணி முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். தாரணி ஜிப்பை இறக்கினாள். கழுத்துப் பட்டையில் இருந்த பனி மண்ணில் விழுந்து காணாமல் போனது. சட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கையை உள்ளே மடித்து, குவியலின் மேல் வைத்துவிட்டு, வெயிலில் நின்றாள். அம்மா ஓடிவந்து பிடித்து இழுத்தபோது பிள்ளை அசையவில்லை. முகம் சிவந்தது, உதடு காய்ந்தது, கண் மேலே ஏறத் தொடங்கியது. வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று அது முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. யாரோ கோயில் குடத்தைத் தூக்கிவந்து தலையில் கவிழ்த்தார்கள், அந்தத் தண்ணீரும் வழிந்து முடிவதற்குள் சூடானது.

குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது அருக்காணி. முகத்தில் கொப்புளம் வாடித் தோல் இரண்டு நிறமாகியிருந்தது. ஊரில் அந்தச் சட்டைகளை நெருப்பில் போடு என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது அவளுக்குத்தான், அவள் என்ன சொன்னாலும் கேட்கத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஆரஞ்சுச் சட்டையை எடுத்து உதறினாள், பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே நுழைத்தாள், ஜிப்பைத் தாடைவரை ஏற்றிவிட்டாள். பிள்ளையின் மூச்சு புகையாக வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் போட்டாத்தான் ஊர் வேகுது. ஒருத்தியோட சூடு ஊருக்கு என்ன பெருசு? இந்தப் புள்ளைக்கு வேர்க்காது, நமக்கு வேர்க்குது. அவளுக்கும் சேத்து நாம வேர்த்துக்கறது" என்றாள்.

அன்றைக்கே தையல் பிரிக்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் மட்டுமில்லை, ஊசி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வெதுவெதுப்பான பக்கத்தை உள்ளே வைத்துத் தைக்க அவர்கள் கைக்கு மனசே வரவில்லை. அந்தச் சூட்டைப் போய் நல்ல பக்கம் என்று எப்படிச் சொல்வது. குப்புராஜ்தான் வழி கண்டுபிடித்தார். இது நம்ம நல்ல பக்கம், அது அவங்க நல்ல பக்கம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தடவை பெங்களூர்க்காரர் குளிர்க் கிடங்கிலிருந்து வெளியே வர மனமில்லாமல் உள்ளேயே ஒரு டீ கேட்டார். சட்டைகள் கப்பலேறி, எங்கோ ஒரு மலையில் சறுக்கி விளையாடப் போயின.

தாரணியின் நடைக்கு ஊர் ஒரு முறை வைத்துக்கொண்டது. யாரும் உட்கார்ந்து போட்ட முறை இல்லை, அதுவாக வந்தது. மத்தியானம் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும்போது வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர், முன்னும் பின்னும் ஒருத்தர் என்று கூடவே நடப்பார்கள். ஒரு கரண்ட் கம்பத்துக்கும் அடுத்த கரண்ட் கம்பத்துக்கும் இடையில் வாங்குகிற சூடு ஓர் ஆளை ஒன்றும் செய்யாது, வேர்க்கும், அவ்வளவுதான். கம்பம் வந்ததும் அவர்கள் விலகிக்கொள்ள வேறு ஆட்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். பால்காரர், இஸ்திரிக்காரரின் மச்சினன், ரேஷன் வரிசையில் அருக்காணிக்கு முன்னும் பின்னும் நின்ற அந்த இரண்டு பேர், கொஞ்ச தூரம் நாச்சிமுத்துகூட. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் யாருடைய ஊர்வலம் இது என்று கேட்டுவிட்டு, பதில் கிடைத்ததும் அவர்களும் ஒரு கம்பத் தூரம் நடந்துவிட்டுப் போனார்கள்.

வசந்தாமணியை மட்டும் ஊர் பக்கத்தில் விடவில்லை. முதல் நாள் அவள் பழக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனபோது அருக்காணி அவளை இடித்து ஒதுக்கிவிட்டு, உன் பங்கை நீ எப்போதோ முடித்துவிட்டாய் என்றாள். அவள் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். பிடிக்கக் கையில்லாமல், மகள் மற்றவர்களுக்கு நடுவில் சிரித்துப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நடப்பது அவளுக்கு முதலில் வெறுமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கை ஆறிக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு மத்தியானம், கடைசிக் கம்பத்திலிருந்து வீடுவரை அருக்காணியின் முறை. வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். வேப்பமர நிழலில் நின்று முந்தானையை எடுத்துப் பிழிந்தாள், வேர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. தாரணி அதைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல எது அத்தை என்னோடது?" என்று கேட்டாள்.

அருக்காணி இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"இத்தனையும் உன்றதுதான் கண்ணு."

பிள்ளை கையை நீட்டி, முந்தானை முனையிலிருந்து விழுந்த சொட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, நெற்றியில் பூசிக்கொண்டது. பிறகு விளையாடி முடித்து வருகிற பிள்ளைகள் செய்வதுபோல, புறங்கையால் அதை அலட்சியமாகத் துடைத்துக்கொண்டே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. மகளின் நெற்றியில் வேர்வை மினுங்குவதை வசந்தாமணி அன்றுதான் பார்த்தாள்.